போன் இல்லாத முஸ்பிறா செய்த ஆய்வு

நிந்தவூரில் முஸ்பிறாவைப் பற்றிக் கதைப்பவர்கள், அவள் கெட்டிக்காரி என்பதை இரண்டாவதாகத்தான் சொல்வார்கள். முதலில் சொல்வது, அவளிடம் போன் இல்லை என்பதை. சரியாகச் சொன்னால் ஒரு பட்டன் போன் இருந்தது, பஸ் பிந்தினால் வீட்டுக்கு அறிவிக்க. மற்றப்படி பேஸ்புக், வட்ஸ்அப், டிக்டொக் எதிலும் அவள் இல்லை. பல்கலைக்கழகத்தில் அவளுடைய பெட்ச்சில் இருந்த முந்நூறு பேரில் இப்படி இருந்த ஒரே ஆள் அவள்தான். பொடியன்மார் அவளுக்குப் 'பட்டன்' என்று பெயர் வைத்தார்கள். பட்டம் வாங்க முன்னரே கிடைத்த பட்டமாக அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

இது கொரோனாக் காலத்தில் தொடங்கியது. சூம் வகுப்புக்காக வாப்பா வாங்கிக் கொடுத்த போன், உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது கிணற்றில் விழுந்தது. புதிது வாங்க அந்த நேரம் வசதிப்படவில்லை. பரீட்சையில் அவள் நன்றாகச் சித்தியடைந்தாள். கிணற்றில் விழுந்த போன்தான் தன்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது என்ற முடிவுக்கு வந்தாள். அதன் பிறகு வாங்கித் தரவா என்று வாப்பா கேட்டபோதும் வேண்டாம் என்றுவிட்டாள்.

வாப்பா பக்கீர் முகைதீனுக்கு இதில் பெருமை தாங்கவில்லை. ஆறு ஏக்கர் வயல் செய்கிறவர் அவர். அவரது வயல்வெளியான வட்டையின் விவசாயிகளுக்கென்று இருக்கும் வட்ஸ்அப் குழுவின் அட்மின். வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பது, வெட்டு மெசின் எந்தப் பக்கம் நிற்கிறது, உரம் வந்ததா இல்லையா என்று காலை சுபஹ் தொழுகையிலிருந்து அவருடைய போன் ஓயாது. சாப்பிடும்போதும் பீங்கானுக்குப் பக்கத்தில் போன் இருக்கும். அந்தப் போனில்தான், இருநூற்றுப் பதினான்கு விவசாயிகள் கேட்க, "என்ட மகளுக்கு இந்தப் போன் விசர் ஒண்டும் இல்ல" என்று அவர் குரல் பதிவு போட்டார்.

இந்தப் பெருமையால் ஒரு நல்ல சம்பந்தம் தட்டிப்போனது என்பதும் உண்மை. சாய்ந்தமருதிலிருந்து பேசி வந்தார்கள். மாப்பிள்ளையின் கூடப்பிறந்த ராத்தா பேஸ்புக்கில் முஸ்பிறாவைத் தேடியிருக்கிறா. கிடைக்கவில்லை. "அப்ப வேற பேருல இருக்கிறா போல" என்று சொல்லிப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

முஸ்பிறாவின் வீட்டுப் பக்க அறையில் றஸ்னா என்ற பிள்ளை தங்கியிருந்தாள். மூதூர்க்காரி, அதே பெட்ச். இரண்டாம் வருடத்திலிருந்து அங்கேதான். அவளுடைய வாப்பா மௌத்தாகி நீண்ட நாள். உம்மா நஸீறா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தா. றஸ்னா அதிகம் கதைக்க மாட்டாள். முஸ்பிறாவின் உம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி சோறு போட்டா. ஒரே மாதிரிக் கோபிச்சா.

பிள்ளைகள் இருவரும் கெம்பஸ் பஸ்ஸில் வந்து இறங்க நாலே முக்கால் ஆகும். முகம் கழுவி, அஸர் தொழுது, ஒரு பிளேன்டீ குடித்ததும் ஐந்து மணி. அந்த நேரத்தில் முஸ்பிறா பக்க அறை வாசலில் வந்து நிற்பாள்.

"றஸ்னா, உன்ட போன ஒருக்காத் தா கா. நோட்டீஸ் ஏதும் போட்டிருக்காங்களா எண்டு பாக்க."

விரிவுரையாளர்கள் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில்தான் போட்டார்கள். நேர அட்டவணை, பாடக் குறிப்பு, நாளைக்கு வகுப்பு இல்லை என்ற நற்செய்தி, எல்லாம். முஸ்பிறா அவற்றைப் பார்ப்பாள். பிறகு பெட்ச் குழுவில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று பார்ப்பாள். சண்டையின் தொடக்கம் தெரியாமல் முடிவு விளங்காது என்பதால் மேலே போய் முதலிலிருந்து வாசிப்பாள். பிறகு யாருடைய கலியாணப் படமாவது வரும். போனைத் திருப்பிக் கொடுக்க ஆறு மணியாகிவிடும். ஆறே காலுக்கு மஃரிப் பாங்கு.

இதைப் போன் பாவிப்பது என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கணக்கு றஸ்னாவின் பெயரில் இருந்தது. தான் வெறுமனே பார்க்கிறாள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் இரண்டொரு தடவை அவள் கையில் இருக்கும்போதே 'உம்மா' என்று அழைப்பு வந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். பிறகு அந்த நேரத்தில் அழைப்பு வருவது நின்றுவிட்டது. அது நின்றதை முஸ்பிறா கவனிக்கவில்லை.

இறுதி வருடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். முஸ்பிறா யோசிக்கவே இல்லை. 'பல்கலைக்கழக மாணவர்கள் சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவதற்கான காரணங்கள்' என்று தலைப்பை எழுதிக்கொண்டு போனாள். அவளுடைய மேற்பார்வையாளர் பஸால் சேர், இளம் விரிவுரையாளர்.

"இது கனபேர் செய்த தலைப்பாச்சே முஸ்பிறா. உங்கட ஆய்வுல என்ன புதுசு?"

"மத்தவங்க எல்லாரும் தாங்களும் பாவிச்சுக்கிட்டுச் செய்தவங்க சேர். நான் பாவிக்கிறல்ல. அதனால ஒரு பக்கமும் சாயாமப் பாப்பன்."

"நல்லம், நல்லம்" என்றார் பஸால் சேர், கையிலிருந்த போனில் எதையோ விரலால் தள்ளியபடி.

பன்னிரண்டு கேள்விகள். நூற்றைம்பது பிரதிகள். கண்டீனிலும் நூலக வாசலிலும் பஸ் தரிப்பிடத்திலும் நின்று கொடுத்தாள். கண்டீனில் ஐந்து பொடியன்மார் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் இருந்தவன் ஐந்து தாளையும் வாங்கி ஒரே மூச்சில் நிரப்பிக் கொடுத்தான். மற்ற நாலு பேரும் அதைத் தலை தூக்கிப் பார்க்கவில்லை, போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது தாளை றஸ்னா தன் வகுப்பில் கொடுத்து வாங்கித் தந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்து மணிக்குக் கிட்டவாக, றஸ்னாவின் அறையில் பாயை விரித்து, தாள்களைப் பரப்பி, முஸ்பிறா எண்ணினாள். றஸ்னா ஒரு பக்கமாக நின்று அபாயா அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் ஜன்னல் கட்டையில் கிடந்தது.

ஏழாவது கேள்விதான் முக்கியமானது. நீங்கள் சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவதற்கான பிரதான காரணம் எது?

"எத்தின பேர் படிப்புக்காகப் பாவிக்கிறாங்களாம் தெரியுமா? நூத்தி நாப்பத்தி மூணு!" முஸ்பிறா தாள்களைத் தட்டி அடுக்கினாள். "படிப்புக்காம்! எல்லாரும் இப்பிடிப் படிச்சா ஏன்கா ரிசல்ட் இப்பிடி வருகுது?"

"பேரு போடாட்டியும் வெக்கம் எண்டு ஒண்டு இரிக்கிதானே" என்றாள் றஸ்னா.

மிச்சம் ஏழு. நாலு பேர் அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டிருந்தார்கள். ஒருவர் எல்லாப் பெட்டிகளிலும் சரி அடையாளம் போட்டிருந்தார். ஒருவர் 'ஏனையவை' என்ற இடத்தில் 'உங்களுக்கு என்ன?' என்று கேட்டிருந்தார். கடைசித் தாளை எடுத்தாள். ஏனையவை: 'உம்மாவைப் பார்க்க.'

"இஞ்ச பாரு, ஒரு ஆள் உண்மை எழுதியிருக்கு." முஸ்பிறாவுக்குச் சந்தோசமாகிவிட்டது. தாளை உரத்து வாசித்தாள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறீர்கள்? 'பதினைந்து நிமிடம்.' பயன்படுத்துவதில் நீங்கள் எதிர்நோக்கும் தடைகள் எவை? டேட்டாச் செலவு, சிக்னல் இன்மை, குடும்பத்தினரின் எதிர்ப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கீழே கையால் எழுதியிருந்தது: 'போன் என் கையில் இருப்பதில்லை. உம்மாவுக்கு ஓய்வு இங்கத்தைய நேரம் நாலரையிலிருந்து ஆறே கால் வரை மட்டும்.'

"பாவம்கா" என்றாள் முஸ்பிறா. "சொந்தப் போன் சொந்தக் கையில இல்லயாம். கலியாணம் முடிச்ச புள்ளையா இருக்கும். புருசன் சந்தேகக்காரன் போல, பறிச்சு வச்சிக்கிறான்."

"இரிக்கும்" என்றாள் றஸ்னா. அயன் பெட்டி அபாயாவின் கையில் மேலும் கீழும் போய் வந்தது.

"இப்பிடி மனிசரும் இரிக்காங்க. அந்தப் புள்ள வாயத் திறந்து கேட்டா என்ன?"

முஸ்பிறா தாளை மற்றவற்றுக்கு மேல் வைத்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்து. பழக்கத்தில் கை ஜன்னல் பக்கம் நீண்டது.

"றஸ்னா, உன்ட போன ஒருக்காத்..."

வாக்கியம் அங்கே நின்றது. கையும் நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பிறகு றஸ்னாவின் முதுகைப் பார்த்தாள்.

"நீயா எழுதின?"

"ஓம்."

"ஏன்கா என்னட்டச் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே. தாளுலதான் கேட்டாய்."

"மூணு வருசமா?"

"ரெண்டரை" என்று திருத்தினாள் றஸ்னா. அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உங்கட வீட்டுல இரிக்கன். உங்க உம்மா சோறு தாறா. போன் கேட்டா நான் எப்பிடி இல்லண்டு சொல்லுற?"

முஸ்பிறா தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தாள். நாலு தாள் கீழே விழுந்தன, பொறுக்காமலே போய்விட்டாள். தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து, சந்தேகக்காரப் புருசன் என்று தான் சொன்னதை நினைத்தாள். அந்தப் புருசனுக்குச் சார்பாக ஏதாவது சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தாள். நோட்டீஸ் பார்க்கத்தானே வாங்கினேன் என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் றஸ்னாவின் குரல் கேட்டது. அவ்வளவு நீளமாக அவள் கதைப்பதை முஸ்பிறா அதுவரை கேட்டதில்லை.

அடுத்த நாளிலிருந்து முஸ்பிறா போன் கேட்கவில்லை. நோன்பு பிடிப்பதுபோல் உறுதியாக இருந்தாள். பத்தாம் நாள் பஸால் சேரின் அறைக்குப் போனபோது, முதல் வரைவு கொடுக்கும் திகதி முந்தின நாளோடு முடிந்திருந்தது.

"திகதிய முன்னுக்கு எடுத்தன் எண்டு குரூப்ல போட்டனே" என்றார் அவர்.

"நான் குரூப்ல இல்லயே சேர்."

"ஓ, நீங்கதானே பாவிக்காத ஆள்." பஸால் சேர் முதல்முறையாகப் போனைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் உங்களுக்கு எல்லாம் எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

சமூகவியல் படித்த நாலு வருடத்தில் அவளிடம் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அது. பதில் அவளிடம் இருந்தது, சொல்ல முடியவில்லை. சேர் ஒரு கிழமை தவணை கொடுத்தார்.

அன்று மாலை வாப்பாவிடம் போன் வேண்டும் என்றாள். பக்கீர் முகைதீன் கையிலிருந்த போனை இறக்கி, கண்ணாடியையும் கழற்றினார்.

"இவ்வளவு காலமும் நல்லா இரிந்த புள்ள. யாரு மகள் உங்களக் கெடுத்த?"

"யாரும் கெடுக்கல்ல வாப்பா. நான்தான் கெடுத்திருக்கன்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கல்முனைக்குப் போய் வாங்கி வந்தார். மகள் பெருமையைக் கைவிட்ட செய்தியை வட்டைக் குழுவில் அவர் போடவில்லை.

போன் வந்த நாலாம் நாள், ஐந்து மணிக்கு, றஸ்னாவே முஸ்பிறாவின் அறை வாசலில் வந்து நின்றாள். "உம்மா போன்ல இரிக்கா. உன்னப் பாக்கணுமாம்."

முஸ்பிறா, திட்டு விழப்போகிறது, விழட்டும் என்று தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு போய் இருந்தாள். சிறிய திரையில், ஒரு சமையலறைச் சுவருக்கு முன்னால், றஸ்னாவின் கண்களோடு ஒரு மெலிந்த முகம்.

"நீங்கதானா மகள் முஸ்பிறா? மாஷா அல்லாஹ். உங்களப் பாக்கணும் எண்டு எத்தின நாளாக் கேட்டிரிக்கன். 'ஆறு மணிக்குப் பொறகு எடுங்க உம்மா, அதுவரைக்கும் முஸ்பிறாவோட இரிந்து படிக்கிற' எண்டு சொல்லுவா. எனக்குப் பாக்க ஆசதான். எண்டாலும் அவட படிப்பு முக்கியம்தானே? உங்களாலதான் என்ட புள்ள இந்தளவுக்குப் படிச்சிரிக்கா. அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யணும்."

முஸ்பிறா றஸ்னாவைப் பார்த்தாள். றஸ்னா திரைக்குத் தெரியாத பக்கத்தில் இருந்து மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"ஆமீன்" என்றாள் முஸ்பிறா.

அதன் பிறகு ஆய்வின் மீது அவளுக்கு ஒருவித வெறி பிடித்தது. நூற்று நாற்பத்து மூன்று பேரின் பொய்யை வைத்து எழுதக் கூடாது என்று முடிவெடுத்தாள். பெட்டியும் சரி அடையாளமும் இல்லாமல் இருபது பேரிடம் நேரில் போய் ஒரே கேள்வி கேட்டாள்: கடைசியாகப் போனில் என்ன பார்த்தீர்கள்? கேட்டுவிட்டுத் தன் போனில் வந்த விசயம் ஒன்றையும் சொல்வாள். அப்போது அவர்களும் சொன்னார்கள்.

காரைதீவுப் பவிதரன் தன் கழகம் போன வருடம் தோற்ற கிரிக்கெட் போட்டியின் கடைசி ஓவரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அதில் கைக்கு வந்த பிடியை விட்டவன் அவன்தான். றிபாஸ் பின்னேரங்களில் கல்முனையில் ஓட்டோ ஓடுகிறவன். அவனுக்கு ஹயர் எல்லாம் வட்ஸ்அப்பில் வருகிறது. சிபானா தன்னோடு கோபித்துக்கொண்டு போன கூட்டாளி சந்தோசமாக இருக்கிறாளா என்று தினம் பார்க்கிறாள். இருக்கிறாள் என்பதுதான் அவளுக்குக் கவலை. ஒருத்தி கேக் ஓடர் எடுக்கிறாள். ஒருவன், "ஒண்டும் பாக்கல்ல, விரல் தானாப் போகும்" என்றான். இரண்டு பேர் மட்டும் படிப்பு என்றார்கள். அவர்கள் காட்டிய போன்களில் மெய்யாகவே பாடக் குறிப்புத்தான் திறந்திருந்தது.

ஒரு கொப்பி நிறைய எழுதிக்கொண்டு பஸால் சேரிடம் போனாள். அவர் பொறுமையாக வாசித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். பவிதரனின் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

"நல்லா இரிக்கி முஸ்பிறா. ஆனா உங்கட முன்மொழிவுல நேர்காணல் எண்டு இல்லையே. இப்ப மாத்த நேரமும் இல்ல. வினாக்கொத்துல வந்தத வச்சு எழுதுங்க."

"அது பொய் சேர்."

"பொய்யெண்டாலும் தரவு. நூத்தி நாப்பத்தி மூணு பேர் சொல்லியிரிக்காங்க."

"இந்த ஒரு தாள்? உம்மாவப் பாக்க எண்டது?"

அவர் கணக்குப் பார்த்தார். "பூச்சியம் தசம் ஆறு ஏழு வீதம். மத்த ரெண்டோட சேத்து 'ஏனையவை'க்குள்ள போடுங்க."

அப்படியே போட்டாள். 'உம்மாவைப் பார்க்க' என்பதும் 'உங்களுக்கு என்ன?' என்பதும் ஒரே வரிசையில் போய்ச் சேர்ந்தன. மாணவர்களில் தொண்ணூற்றைந்து தசம் மூன்று வீதத்தினர் கல்வித் தேவைக்காகவே சமூக ஊடகங்களைப் பயன்படுத்துகின்றனர் என்று முடிவுரை எழுதினாள். வளாகத்தில் இணைய வேகத்தை அதிகரிக்க வேண்டும் என்று பரிந்துரையும் எழுதினாள். ஏ கிடைத்தது. அவளுடைய பெட்ச்சில் இரண்டே பேருக்குத்தான் ஆய்வுக்கு ஏ. பக்கீர் முகைதீன் முன் அட்டையைப் படம் பிடித்து வட்டைக் குழுவில் போட்டார். நூற்றுக்கு மேற்பட்ட பெருவிரல்கள் வந்தன. ஒரு விவசாயி மட்டும், வாய்க்கால் துப்புரவு பற்றி மகள் ஏதும் ஆய்வு செய்வாவா என்று கேட்டிருந்தார்.

போன் பாவிப்பதில் முஸ்பிறா ஒரு மாதத்தில் மற்றவர்களைப் பிடித்தாள்; இரண்டாம் மாதத்தில் முந்திவிட்டாள். வாப்பாவும் மகளும் சாப்பிடும்போது இரண்டு பீங்கானுக்குப் பக்கத்திலும் போன் இருந்தது. உம்மா மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கறியை நடுவில் வைத்துவிட்டுப் போவா.

பட்டம் முடிந்து றஸ்னா மூதூருக்குப் போய்விட்டாள். அடுத்த வருடம் அவளுடைய உம்மா குவைத்தை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தா. விமான நிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்து நிற்கும் படத்தைப் பேஸ்புக்கில் கண்ட முஸ்பிறா, பஸ்ஸில் இருந்தபடியே அழுதாள். பக்கத்து சீற் மனுசி என்ன நடந்தது என்று கேட்டா. அவவுக்கும் காட்டினாள். இரண்டு கிழமை கழித்து, உம்மா செய்து கொடுத்த தொதலோடு மட்டக்களப்பு வழியாகப் பஸ் ஏறி மூதூர் போனாள்.

நஸீறா அவளைக் கட்டி முத்தமிட்டா. மத்தியானச் சோற்றுக்கு மீன் ஆணமும் பொரியலும் வைத்தா. மூன்று பேரும் நிறையக் கதைத்தார்கள். அதாவது நஸீறாவும் முஸ்பிறாவும் கதைத்தார்கள். றஸ்னா எப்போதும் போல இருந்தாள். நாலரை மணிக்கு நஸீறாவின் போன் அடித்தது. அவ பாதிப் பேச்சில் எழுந்து, முகம் முழுக்க வெளிச்சமாகி, போனைத் தூக்கிப் பிடித்தபடி முற்றத்துக்கு இறங்கினா. அரபியில் ஒரு சின்னப் பையனின் குரல் கேட்டது. நஸீறா சிரித்தா, கொஞ்சினா, விரலைக் காட்டி அதட்டினா. கமுக மரத்தடியில் அங்கும் இங்குமாக நடந்தா.

"யாரு?" என்றாள் முஸ்பிறா.

"அவ வேல செய்த வீட்டுப் புள்ள. பிறந்த நாளையிலிருந்து உம்மாதான் வளத்த. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எடுப்பான்."

"எந்த நாளுமா?"

"எந்த நாளும். ஆறு ஆறே காலாகும் போன வைக்க."

முஸ்பிறா முற்றத்தைப் பார்த்தாள். றஸ்னா தொதல் துண்டொன்றை எடுத்துத் தின்றாள்.

"நீ ஒண்டும் சொல்லுறல்லயா?"

"என்ன சொல்லுற? சின்னப் புள்ளதானே."

ஆறு மணிக்குப் பிறகு நஸீறா கண்களைத் துடைத்துக்கொண்டு வந்தா. "சோறு தின்னல்லயாம் மகள். புதுசா வந்திரிக்கிற மனிசிர கையால தின்ன மாட்டானாம். நான் போன்ல பாத்துக்கிட்டு இரிந்தாத்தான் தின்பானாம்" என்றா, அதில் வருத்தம் பாதியும் பெருமை பாதியுமாக. பிறகு மஃரிபுக்கு வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போனா.

றஸ்னா எழுந்து, கதிரையில் கிடந்த உம்மாவின் போனை எடுத்துப் பார்த்தாள். பற்றரி நாலு வீதம்தான் இருந்தது. சார்ஜில் போட்டாள்.